சயாமுக்குப் போனவர்கள்: ஒரு மழைக்காலப் பிரயாணம்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் 'சயாமுக்குப் போனவன்' என்னும் சொற்றொடரின் பொருளை விளக்கவேண்டுவதில்லை. அஃது ஊர் போய் வந்தவனைக் குறிப்பதன்று. போய்த் திரும்பாதவனைக் குறிப்பது. எங்கள் வீட்டிலும் அவ்வாறு போனவர் ஒருவர் உண்டு. எம் பாட்டியின் தம்பி அவர். 1943-ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், பேராக் மாநிலத்துக் கித்தாத் தோட்டமொன்றிலிருந்து லாரியேறிச் சென்றார். பாட்டி தாம் கண்மூடும் நாள்வரை, மழை வலுத்துப் பெய்யும் இரவுகளில் லயத்துக் கதவைத் தாழிடமாட்டார். "தம்பி வந்தா நனைஞ்சுட்டு நிப்பான்" என்பார்.

அப்பாட்டி மறைந்து பல்லாண்டுகள் சென்றபின், தம்பி போன வழியை ஒரு முறையேனும் கண்ணாற் காணவேண்டும் என்னும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று. அவர் போனது மழைக்காலம்; ஆகவே யானும் மழைக்காலத்திலேயே போகத் துணிந்தேன். என் தமக்கையின் மகன் உடன் வர இசைந்தான். ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள், இரண்டு மழைச்சட்டைகள், சில மாற்றுடைகள், ஒரு வரைபடம் ஆகிய இவையே எங்கள் மூட்டை. பாடாங் பெசார் எல்லையைக் கடந்தபோது தொடங்கிய மழை, காஞ்சனபுரி சேரும்வரை ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தூரமும் எங்களைத் தொடர்ந்தே வந்தது.

இனி, அவ்விருப்புப் பாதை ஏன் போடப்பட்டது என்னும் சரித்திரத்தைச் சற்றே காண்போம். 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கிற்று. எழுபது நாட்களில், அதாவது 1942 பிப்ரவரி 15-ஆம் நாள், சிங்கப்பூர் வீழ்ந்தது. அதனையடுத்துப் பர்மாவும் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலுள்ள படைக்கு அரிசியும் வெடிமருந்தும் அனுப்ப அவர்களுக்கிருந்த வழி, மலாக்கா நீரிணையைக் கடந்து ரங்கூனை அடையும் கடல்வழியே. 1942 ஜூன் மாதம் மிட்வே கடற்போரில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தபின், அவ்வழியைக் காக்கும் வலிமை அவர்களுக்குக் குறைந்தது. நேச நாட்டாரின் நீர்மூழ்கிகளுக்கு அஞ்சி, தரைவழியே ஒரு பாதையைத் தேடினர். சயாமில் பான் போங் அருகேயுள்ள நோங் பிளாடுக் தொடங்கி, மலையும் காடும் கடந்து, மூன்று பகோடாக் கணவாய் வழியாகப் பர்மாவின் தன்பியூசாயாட் சேரும் 415 கிலோமீட்டர் பாதை அது. யுத்தத்திற்கு முன்னரே ஆங்கிலேயர் இவ்வழியை ஆராய்ந்து, இயலாதென விட்டிருந்தனர். அதனை ஜப்பானியர் பதினாறு மாதங்களுக்குட்பட்ட காலத்தில் முடித்தனர். எந்திரங்களின் பலத்தால் அன்று, நண்பர்களே! மனித உடல்களின் பலத்தால்.

60,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் இவ்வேலைக்கு ஏவப்பட்டனர். அவர்களிலும் பன்மடங்கு மிகுதியானோர் ஆசியத் தொழிலாளர்: பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் தோட்டத்துத் தமிழரே. போர்க்கைதிகளுள் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் 90,000 வரை இருக்கலாமென்று மதிப்பிடுகின்றனர். முன்னதற்குப் பட்டியல் உண்டு. பின்னதற்கு மதிப்பீடு மட்டுமே உண்டு. இவ்வேறுபாட்டையே யான் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு சென்றேன்.

நம்மவர் எவ்வாறு போயினர்? யுத்தத்தால் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையில்லை, அரிசியில்லை, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. உடுக்கத் துணியின்றிச் சாக்கைச் சுற்றிக்கொண்டோர் உண்டு. அவ்வேளையில், 'மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, வயிறார உணவு' என்னும் ஆசைமொழி வந்தது. முதலிற் சிலர் விரும்பியே சென்றனர். சென்றவர் மீளாமையைக் கண்டு பின்னையோர் மறுத்தபோது, ஆசைமொழி அதட்டலாயிற்று. வீட்டுக்கு ஓராள் என்று கணக்கிட்டுப் பிடித்தனர். இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கொட்டகையை வளைத்து, அங்கிருந்தே லாரியேற்றிய கதையைத் தப்பி வந்தோர் பலர் சொல்லியிருக்கின்றனர். மனைவி மக்களோடு சென்ற குடும்பங்களும் உண்டு. காற்றோட்டமற்ற சரக்கு வண்டிகளில் அடைத்து நாட்கணக்கில் பான் போங்கிற்குக் கொண்டுபோயினர். ஆட்களின் பெயர்களை எடுத்துக் கொடுத்தவர்களுள் தோட்டத்துக் கிராணிகளும் கங்காணிகளும் இருந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. அச்சத்தால் கொடுத்தவர் இருக்கலாம். ஆதாயத்திற்காகக் கொடுத்தவரும் இருக்கலாம். எவ்வாறாயினும், மாற்றார் துப்பாக்கிக்கு நம்மவர் கையே விரல் நீட்டிற்று.

சும்போன் நகரை அணுகும்போது மழை மிகக் கடுமையாயிற்று. சடக்கும் வயலும் ஒரே நீர்ப்பரப்பாய்த் தோன்றின. அவ்விடத்தில் என் பின்சக்கரத்து டயர் பஞ்சராயிற்று. ஒரு மைல் தொலைவு வண்டியைத் தள்ளிச் சென்றோம். சாலையோரப் பட்டறையிலிருந்த சயாமியர் ஒருவர், எங்கள் மொழி அறியாதவராயினும், முதலில் எங்களுக்குச் சூடான தேநீர் கொடுத்துவிட்டுப் பின்னரே டயரைக் கழற்றினார். அத்தேநீரைப் பருகியவாறு என் மருமகனுக்கு ஒரு செய்தியைச் சொன்னேன். சும்போனிலிருந்து மேற்கே க்ரா பூசந்தியைக் குறுக்கே கடந்து, 1943-ஆம் ஆண்டிலேயே இன்னுமொரு பாதை போடப்பட்டது. ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நீளம். அதிலும் மலாயாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழரும் மலாய்க்காரரும் உழைத்து மாண்டனர். யுத்தம் முடியுமுன்பே அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன.

"அப்படி ஒன்னு இருந்ததே எனக்குத் தெரியாது மாமா," என்றான் அவன்.

தண்டவாளமும் இல்லை, நாவலும் இல்லை, சினிமாவும் இல்லை. அவன் எவ்வாறு அறிவான்?

மூன்றாம் நாள் மாலை காஞ்சனபுரியை அடைந்தோம். மறுநாட்காலை, தூறலினிடையே, நகரின் நடுவிலுள்ள யுத்தக் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றோம். வெட்டிச் சீர்செய்த புல்தரையில், வரிசை வரிசையாகக் கல்லறைப் பலகைகள். ஒவ்வொன்றினருகிலும் ஒரு பூச்செடி. பிரித்தன், ஆஸ்திரேலியா முதலிய காமன்வெல்த் நாட்டினர் 5,085 பேரும், டச்சுக்காரர் 1,896 பேரும் இங்கே நினைவுகூரப்படுகின்றனர். ஒவ்வொரு பலகையிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன. பெற்றோரோ மனைவியோ எழுதி அனுப்பிய ஒரு வரியும் சிலவற்றில் உண்டு. இருபத்திரண்டு வயது, இருபத்துநான்கு வயது என்று படித்துக்கொண்டே செல்லும்போது நெஞ்சு கனக்கின்றது. அவர்கள் பிற நாட்டினர் என்னும் எண்ணம் அங்கே எழுவதில்லை. எந்தத் தாய் பெற்ற பிள்ளையாயினும் பிள்ளையே அன்றோ?

ஆயினும் ஒரு வினா எழாமற்போகவில்லை. காட்டிடையே சிதறிப் புதைக்கப்பட்ட இவர்களை எவ்வாறு கண்டுபிடித்தனர்? விடை எளிது: எழுதி வைத்தனர். முகாம்தோறும் இறந்தவனின் பெயரையும் நாளையும் புதைத்த இடத்தையும், காவலருக்குத் தெரியாமல், கிடைத்த துண்டுக் காகிதத்திற் குறித்தனர். அக்குறிப்புகளை மறைவாகப் புதைத்தும் காத்தனர். 1945-ஆம் ஆண்டு யுத்தம் முடிந்த சில வாரங்களிலேயே ஒரு சிறு தேடுகுழு பாதை நெடுகச் சென்று, 144 இடுகாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டறிந்தது. எஞ்சியோர் பலர் சுங்காயிலும் தன்பியூசாயாட்டிலும் உள்ள தோட்டங்களில் உறங்குகின்றனர். 1943 மே, ஜூன் மாதங்களில் நீக்கே முகாமில் பெரும்பாலும் வாந்திபேதியால் மாண்டு எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல், காஞ்சனபுரியில் இரு கல்லறைகளில் வைக்கப்பட்டுள்ளது. சாம்பலாய்ப் போனவருக்கும் கணக்குண்டு!

அந்த 1943-ஆம் ஆண்டு மழையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவ்வாண்டின் தொடக்கத்தில், வேலையை ஆகஸ்டு மாதத்திற்குள் முடிக்கவேண்டுமென்று டோக்கியோவிலிருந்து ஆணை பிறந்தது. 'ஸ்பீடோ, ஸ்பீடோ' என்னும் கூச்சல் காடெங்கும் எழுந்தது. அதே வேளையில் பருவமழை தொடங்கிற்று. காட்டுப்பாதைகள் சேறாயின, உணவு லாரிகள் நின்றன, ஆற்றுவழிப் படகுகளில் வந்த சிறிதளவு அரிசியும் புழுத்திருந்தது. மலக்குழிகள் நிரம்பி வழிந்து ஓடைகளிற் கலந்தன. வாந்திபேதி பரவிற்று. முறைக்காய்ச்சலும் சீதபேதியும் முன்னரே உடல்களை அரித்திருந்தன. மூங்கில் கீறிய சிறு காயமும் எலும்பு தெரியும் புண்ணாயிற்று.

இதே மழை, இதே நோய், இதே பசி. எனினும் கைதிகளைவிட நம்மவர் மிகுதியாக மாண்டனர். ஏன்? உடல் வலிமை குறைந்தவர் என்பதன்று காரணம். பால்மரக் காட்டில் உழைத்து உரமேறிய உடல்கள் அவை. போர்க்கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தனர். தம் படை மருத்துவர் இருந்தனர். மருந்து இல்லாவிடினும், தண்ணீரைக் காய்ச்சியே குடிக்கவேண்டும், மலக்குழியைத் தொலைவில் வெட்டவேண்டும், நோயாளியைப் பிரித்து வைக்கவேண்டும் என்று ஆணையிட ஒருவர் இருந்தார். கீழ்ப்படிய ஒரு கட்டுப்பாடு இருந்தது. நம்மவருக்கோ மருத்துவரும் இல்லை, தலைவரும் இல்லை. அத்தாப்புக் கூரையும் இல்லாத கொட்டகைகளில் ஆணும் பெண்ணும் குழந்தைகளும் அடைந்துகிடந்தனர். ஒருவனுக்கு வாந்தி கண்டால் மற்றவர் காட்டுக்குள் ஓடினர்; ஓடியோர் நோயையும் உடன்கொண்டு ஓடினர். தொழிலாளரைக் கவனிக்கவென்று 1943-இல் போர்க்கைதி மருத்துவர் குழுக்கள் இரண்டு அனுப்பப்பட்டன. அத்தனை ஆயிரம் பேருக்கு அச்சிலர் என் செய்ய இயலும்? அறிவும் அமைப்பும் இல்லாத கூட்டம், எத்துணைப் பெரிதாயினும், ஆபத்து வந்தவிடத்துத் தனித்தனி மனிதராய் உதிர்ந்துபோம் என்பதை இதனினும் கொடிதாகக் காட்டிய பாடம் நம் சரித்திரத்தில் வேறில்லை.

1943 அக்டோபர் 17-ஆம் நாள், இருபுறத்திலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொன்கொய்தாவில் இணைந்தன. 25-ஆம் நாள் விழா நடத்தினர். இவ்விரண்டு நாட்களுக்கிடையே, 21-ஆம் நாள், சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சுதந்திர இந்திய சர்க்காரைப் பிரகடனம் செய்தார். சயாம் காட்டில் தமிழன் பிணமாய்க் கிடக்க, சிங்கப்பூர்த் திடலில் தமிழன் சிப்பாயாய் நின்றான். சயாமுக்குத் தப்பவே படையிற் சேர்ந்தோர் பலர் என்பதும் நம் முதியோர் வாய்மொழி.

பிற்பகலில் பாலத்தைக் காணச் சென்றோம். உலகமெங்கும் அறியப்பட்ட இப்பாலத்தின் இரும்பு வளைவுகள் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. விமானக் குண்டுவீச்சில் சிதைந்த பகுதிக்குப் பதிலாக யுத்தத்திற்குப்பின் வைத்த சட்டங்கள் வளைவின்றி நேராயிருப்பதை இன்றும் காணலாம். பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவர் 1952-இல் எழுதிய நாவலும், அதைத் தழுவி 1957-இல் வந்த சினிமாவும் இதற்குப் புகழ் தந்தன. அப்படம் பிடிக்கப்பட்டது இங்கன்று, இலங்கையின் கித்துல்கலையில். அன்றியும், இப்பாலத்தின் கீழ் ஓடிய ஆற்றின் பெயர் மே குளோங். சினிமா பார்த்து 'குவாய் ஆறு எங்கே?' என்று வந்தவர்களுக்காக, 1960-களில் இப்பகுதிக்குக் 'குவே யாய்' என்று புதுப்பெயரிட்டனர். ஒரு கதைக்காக ஓர் ஆறே பெயர் மாறிற்று! உண்மையில் மாண்டவனுக்கோ ஒரு பலகையிலும் பெயரில்லை.

பாலத்திற்கு அண்மையில் ஜப்பானியப் படையினர் 1944-இல் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்றிருக்கின்றது. மாண்ட மக்களின் மொழிகள் பலவற்றில் அதன் சுவர்களிற் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன, தமிழும் அவற்றுளொன்று. வருத்திக் கொன்றவரே தமிழெழுத்தில் அஞ்சலியும் செய்தனர் என்பதை எண்ணி, அங்கே சிரிப்பதா அழுவதா என்றறியாமல் மழையில் நின்றோம். ஆற்றங்கரைப் பௌத்த ஆலயத்தில் 1977-இல் தொடங்கிய பொருட்காட்சிசாலைக்கு 'ஜீத்' என்று பெயர். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும், தாய்லாந்து, ஹாலந்து என்னும் நாடுகளின் முதலெழுத்துகளைக் கூட்டியமைத்தது அது. அவ்வெழுத்துகளில் பர்மியனுக்கோ மலாய்க்காரனுக்கோ தமிழனுக்கோ ஓரெழுத்தும் இல்லை.

நம்மவர்க்கு ஓரிடமும் இல்லையோ எனின், உண்டு. யுத்தக் கல்லறைத் தோட்டத்தை அடுத்துள்ள வாட் தாவோர்ன் என்னும் ஆலயத்தில், பிற்காலத்தில் தோண்டியெடுக்கப்பட்ட ஆசியத் தொழிலாளர் எலும்புகளுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அதே ஆலயத்தில், 2023-ஆம் ஆண்டில், மலேசியத் தமிழரும் தாய்லாந்துத் தமிழரும் முயன்று, தமிழ்நாட்டு அரசின் உதவியும் பெற்று, ஒரு நடுகல் நாட்டினர். எண்பது ஆண்டுகள் கழிந்தபின்னராயினும் நாட்டிய அக்கைகள் வாழ்க! அக்கல்லின் முன் வெகுநேரம் நின்றோம். என் மருமகன் தன் மழைச்சட்டையைக் கழற்றிவிட்டு நனைந்தவாறே நின்றான். ஏனென்று யான் கேட்கவில்லை.

மறுநாள் வடமேற்கே எண்பது கிலோமீட்டர் சென்று, 'நரகத் தீக் கணவாய்' என்று கைதிகள் பெயரிட்ட பாறைவெட்டைக் கண்டோம். உளியை ஒருவன் பிடிக்க மற்றொருவன் சம்மட்டியால் அடித்துத் துளையிட்டு, வெடிவைத்துத் தகர்த்து, கற்களைக் கூடையிற் சுமந்து கொட்டி உண்டாக்கிய பிளவு அது. இரவிலும் மூங்கில் தீயின் ஒளியில் வேலை நடந்தது. பெயர் அதனால் வந்தது. ஆஸ்திரேலிய, ஆங்கிலக் கைதிகளோடு தமிழரும் மலாய்க்காரரும் இங்கு உழைத்தனர். ஆஸ்திரேலிய சர்க்கார் 1998-இல் இங்கே ஒரு நினைவகம் திறந்தது. பாறையின் மேற்புறத்தில் உளித் துளைகளின் தடம் இன்றுமுண்டு. மழைநீர் அத்தடங்களின் வழியே வடிந்துகொண்டிருந்தது.

அங்கேதான் என் மருமகன் அவ்வினாவைக் கேட்டான்.

"மாமா, பாட்டியோட தம்பி பேரு என்ன?"

யான் வாய் திறந்தேன். சொல் வரவில்லை. பாட்டி 'தம்பி' என்பார். என் தாய் 'சின்ன மாமா' என்பார். அக்கம்பக்கத்தார் 'சயாமுக்குப் போன பிள்ளை' என்பார். அவருக்கு இட்ட பெயர் என்ன? யான் ஒருபோதும் கேட்டதில்லை. தாயும் பாட்டியும் மறைந்துவிட்டனர். தோட்டத்துப் பழைய பேரேடுகள் எங்குப் போயினவென்று அறிவாரில்லை. தோட்டமே துண்டாகி வீடுகளாயிற்று. உலகம் எம் மக்கள் பெயரை எழுதவில்லையே என்று ஆயிரம் கிலோமீட்டர் குறைகூறிக்கொண்டு வந்த யான், எம் வீட்டு ஒரே பெயரை வைத்திருக்கவில்லை! எந்தச் சர்க்காரையும் எந்தப் பொருட்காட்சிசாலையையும் குற்றஞ்சாட்டுமுன், என்னையன்றோ யான் நிறுத்தி விசாரித்திருக்கவேண்டும்?

தோட்டத்தில் நாடோறும் விடியுமுன் பெரட்டு நடக்கும். கிராணி பெயர் கூப்பிடுவார். ஆள் 'இருக்கேன்' என்பான். பெயர் விடுபட்டால் அன்றைய கூலி இல்லை. கூலிக்காக நம் பெயரை அத்துணை ஒழுங்காக எழுதினர். உயிர் போனபோது எழுத ஒருவரும் இல்லை. அது மாற்றார் செய்த கொடுமை. அதற்குப்பின் எண்பது ஆண்டுகளாகக் கேளாமலிருந்தது நாம் செய்தது.

அன்பர்களே! சயாமிலிருந்து மீண்டோர் இன்று அநேகமாக எவரும் இலர். அவர்தம் மக்களும் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களும் போனபின் எழுத நினைப்பது வீண். ஆகவே இக்கட்டுரையைப் படிப்போரை யான் வேண்டுவது பெரிதன்று. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ சயாமுக்குப் போனவர் உண்டாயின், இன்றே ஒரு தாளை எடுங்கள். அவர் பெயர், தந்தை பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, அவரைக் கடைசியாகக் கண்டவர் யார் என்னும் ஐந்தையும் எழுதுங்கள். அறிந்தது இரண்டேயாயின் இரண்டை எழுதுங்கள். பிள்ளைகளைக்கொண்டு எழுதுவியுங்கள், அவர்கள் கேள்வி கேட்பர், அவ்வாறே செய்தி அடுத்த தலைமுறைக்குச் செல்லும். கோயிலிலும் சங்கத்திலும் நூலகத்திலும் ஒவ்வொரு படி வையுங்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். அத்தகையோர் தம் கடமையைச் செய்தனர். பட்டியல் எழுத எழுத்தாளர் வேண்டுவதில்லை. தாளும் பென்சிலும் போதும்.

யான் திரும்பி வந்தபின் பாட்டியின் உறவினரைத் தேடி மூன்று ஊர்கள் அலைந்தேன். ஈப்போவில், தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி, பாட்டியின் லயத்தில் சிறுமியாய் இருந்தவர், நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னார். அதனை இங்கே அச்சிடப்போவதில்லை. அஃது எம் குடும்பத்துச் சொத்து. ஆனால் அப்பெயரையும் தோட்டத்தின் பெயரையும் 1943 என்னும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி, என் மருமகன் தன் வீட்டுச் சுவரில், பாட்டியின் படத்தின் கீழ் ஒட்டி வைத்திருக்கின்றான். உங்கள் வீட்டுத் தாள் எங்கே?